பின்வளவுக்கு வந்த கயோட்டியும் காக்கைக்கு வைத்த சோறும்

வாசகர் கடிதம்:

"ஸ்காபரோவில் ஹைலண்ட் கிரீக் பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் ஆறு வருடமாக இருக்கிறோம். பெப்ரவரியில் இருந்து ஒரு கயோட்டி, நரியைப் போன்ற இந்த நாட்டுக் காட்டு மிருகம், எங்கள் பின்வளவுக்குப் பழகிவிட்டது. முதலில் விடியற்காலையில் மட்டும் வந்தது. போன கிழமை பட்டப்பகலில் வந்து, கண்ணாடிக் கதவுக்குப் பதினைந்து அடி தள்ளி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டினேன், அசையவில்லை. ஏழு வயதிலும் நாலு வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு சின்ன ஷிட்சூ நாயும் இருக்கிறது. தினமும் குளித்துவிட்டுக் காக்கைக்குச் சோறு வைக்கும் அம்மா, 'நரி முகத்தில் விழித்தால் நல்லதுதானே' என்கிறார். கணவர் கிரிக்கெட் மட்டையைக் கதவோரம் சாத்தி வைத்திருக்கிறார். கயோட்டியைப் பிடித்துத் தூரத்தில் கொண்டுபோய் விடச் சொல்லித் தெருவில் ஒருவர் கையெழுத்து வாங்குகிறார். நான் போடவா? லிண்ட்சேப் பக்கம் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் தம்பிக்கு இந்த வருடம் இரண்டு குட்டி போய்விட்டது. சுட்டால்தான் அடங்கும் என்கிறான். என் மகள் கேட்பது வேறு: அதற்கும் குட்டி இருக்குமா?"

— ஒரு வாசகி, ஸ்காபரோ

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டு தடவையும் என் கண் போய் நின்றது அம்மா காக்கைக்கு வைக்கும் சோற்றில்தான். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன், இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் விளக்கம் பிறகு வரலாம்.

நீங்கள் கண்ணாடியைத் தட்டியபோது அது அசையாததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வரும் சத்தம் யாருடையது என்று அதற்குப் புரிவதில்லை. இத்தனை நாளில் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்து அதற்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. அடுத்த தடவை கதவைத் திறந்து வெளியே ஓரடி வையுங்கள். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, அடிவயிற்றில் இருந்து சத்தம் போடுங்கள். ஒரு பானையும் கரண்டியும் கதவோரம் இருக்கட்டும். பெரிய கறுப்புக் குப்பைப் பையைக் காற்றில் 'படார்' என்று உதறினால் நன்றாக வேலை செய்யும். சட்டென்று விரியும் குடையும் அப்படித்தான். அது நாலு அடி போய்த் திரும்பிப் பார்க்கும். அங்கேதான் நம்மவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால், 'இவ்வளவுதான் இவர்கள்' என்று அது படித்துக்கொள்கிறது. வேலியைத் தாண்டிக் கண்ணுக்கு மறையும்வரை விடாமல் வெருட்டுங்கள். ஓடுவதற்கு ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். மூலையில் மாட்டிக்கொண்ட எந்த மிருகமும் எதிர்த்து நிற்கும்.

மட்டை கதவோரம் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, தரையில் ஓங்கித் தட்டச் சத்தம் வரும். அதைக் கொண்டு அடிக்கக் கிட்டப் போவதுதான் ஆபத்து. கணவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பாடம் போதும்: ஓடக்கூடாது. கயோட்டியைக் கண்டால் நிற்க வேண்டும், கையைத் தூக்க வேண்டும், 'போ!' என்று கத்த வேண்டும், முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாகவே அடி வைத்து வீட்டுக்குள் வர வேண்டும். வரவேற்பறையில் வைத்து நாலைந்து தடவை நடித்துப் பாருங்கள். நீங்களே கயோட்டியாக வாருங்கள். நாலு வயதுக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட விளையாடிக் காட்டினால்தான் பதியும். இந்த வசந்தம் முடியும்வரை இருவரையும் வளவில் தனியே விட வேண்டாம், விடியலிலும் பொழுது படும் நேரத்திலும் முக்கியமாக.

நாயைப் பற்றித்தான் எனக்கு உங்களைவிட அதிக கவலை. கயோட்டி மனிதரைத் தாக்குவது மிக மிக அரிது. சின்ன நாயைத் தூக்குவது அப்படியில்லை, அது நடக்கிற காரியம். 2024-25 குளிர்காலத்தில் ரொறன்ரோ நகரின் நடுவே லிபர்ட்டி வில்லேஜ் பக்கம் வரிசையாக நாய்கள் கடிபட்டதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஷிட்சூவை வெளியே விடும்போது, வேலி போட்ட வளவாக இருந்தாலும், கயிறு பூட்டி நீங்களும் கூடப் போங்கள். இழுக்க இழுக்க நீளும் கயிறு வேண்டாம், ஆறடிக்கு மேற்படாத சாதாரணக் கயிறே நல்லது. இரவில் கையில் டோர்ச் இருக்கட்டும். தெருவில் நடக்கும்போது கயோட்டியைக் கண்டால் நாயைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சத்தம் போடுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி தேதி தவறாமல் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்ராறியோவில் அது சட்டப்படியும் கட்டாயம்.

சரி, இப்போது சோற்றுக்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜனவரி காலையில் மால்வெர்ன் பக்கம் ஒரு தமிழ் வீட்டுக்கு, காட்டு மிருக முறைப்பாடுகளைப் பார்க்கும் என் வேலையாகப் போயிருந்தேன். முறைப்பாடு உங்களுடையதைப் போலத்தான். இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்ததால் பின்வளவில் எல்லாம் எழுதி வைத்தது மாதிரித் தெளிவாக இருந்தது. பக்கத்து வீட்டு நாயின் அடிகள் அங்குமிங்குமாக வட்டமடித்துக் குழம்பிக் கிடந்தன. அவற்றுக்குக் குறுக்கே ஒரே ஒரு வரிசை, நூல் பிடித்தது போல நேராக. கயோட்டி அப்படித்தான் நடக்கும், முன்காலை எடுத்த தடத்திலேயே பின்காலை வைத்து, வீண் அடி வைக்காமல். வேலியின் கீழ் இடுக்கில் நுழைந்து, சமையல் கழிவை உரமாக்கும் கம்போஸ்ட் பெட்டியை ஒருதரம் சுற்றி, நேரே கொடிக்கம்பத்தடிக்கு வந்திருந்தது. அங்கே கவிழ்ந்து கிடந்தது ஒரு எவர்சில்வர் தட்டு, பக்கத்தில் உறைந்துபோன நாலைந்து பருக்கை. தட்டைச் சுற்றி எலித் தடங்கள் பொடிப்பொடியாகப் பனி முழுக்க. அந்த வீட்டு அம்மம்மா என்னிடம், 'நான் வைக்கிறது காக்கைக்குத்தானே தம்பி' என்றார். அவர் சொன்னது முழு உண்மை. வைத்தது காக்கைக்குத்தான். காக்கை தின்றது போக மிஞ்சியதை அணில் தின்றது, இருட்டியபின் எலி வந்தது, எலிக்காகக் கயோட்டி வந்தது, வந்த இடத்தில் தட்டையும் நக்கிப் பார்த்தது.

கயோட்டி என்ன தின்கிறது என்பது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். சிக்காகோ நகரம் இருக்கும் குக் கவுண்டியில் ஸ்டான்லி கெர்ட் என்ற உயிரியலாளரின் குழு 2000ஆம் ஆண்டில் இருந்து நகரக் கயோட்டிகளைப் பின்தொடர்ந்து வருகிறது. ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட மல எச்சங்களைப் பிரித்துப் பார்த்ததில், 42 சதவீதத்தில் எலி வகைகள் இருந்தன, 23 சதவீதத்தில் பழம், 22இல் மான், 18இல் முயல். ஒரே எச்சத்தில் இரண்டு மூன்று வகை இருக்கும் என்பதால் கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராக வராது. பூனையின் அடையாளம் கிட்டத்தட்ட ஒரு சதவீதத்தில் மட்டும். அதாவது நகரத்துக் கயோட்டியும் பெரும்பாலும் காட்டு உணவில்தான் வாழ்கிறது. நம்மிடம் அது கை நீட்டிக் கேட்கவில்லை. நாம் வைத்தால் மட்டும் பழகிக்கொள்கிறது.

பழகிய பிறகு நடப்பதுதான் கவலைக்குரியது. அல்பேர்ட்டா மாகாணத்தில் எட்மன்டன் நகரத்தில் நடந்த ஆய்வு ஒன்று என் வேலையையே மாற்றியது. சொறி பிடித்த, மெலிந்த கயோட்டிகள்தான் வீட்டு வளவுகளையும் கம்போஸ்ட் குவியல்களையும் அதிகம் நாடின. அந்தக் குவியல்களைச் சோதித்தபோது பூஞ்சண நஞ்சுகள் இருந்தன. நோய்ப்பட்டது வேட்டையாட முடியாமல் குவியலுக்கு வருகிறது, அங்கே வந்த மற்றதோடு உரசிச் சொறி பரவுகிறது, கெட்டுப்போன உணவு உடம்பை இன்னும் கெடுக்கிறது. கயோட்டி மேல் இரக்கப்பட்டு மிச்சச் சோற்றைக் கொட்டுகிறவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களின் மனதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் அந்தச் சோறு அதைக் கொல்கிறது. நோயால் போகாவிட்டால், மனிதருக்குப் பயமில்லாமல் போய், கடைசியில் யாரோ ஒருவர் அதிகாரத்தோடு வந்து சுடுகிற நிலைமைக்குக் கொண்டுபோய் விடுகிறது.

ரொறன்ரோ நகரச் சட்டமும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. 2023 ஏப்ரலில் இருந்து சொந்த வளவில்கூடக் காட்டு மிருகங்களுக்கு உணவு வைக்கக்கூடாது. உயரத்தில் தொங்கவிட்டுச் சுத்தமாக வைத்திருக்கும் பறவைத்தீனிப் பெட்டிக்கு மட்டும் இடம் உண்டு. தரையில் வைக்கும் சோற்றுக்கு இல்லை.

அம்மாவிடம் இதைச் சட்டமாகச் சொல்ல வேண்டாம், கேட்கமாட்டார். அவர் வைப்பது பித்ருக்களுக்கு. அதில் கை வைக்கிறோம் என்று அவருக்குத் தோன்றினால் நீங்கள் வேலைக்குப் போன பிறகு ஒளித்து வைப்பார். நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். என் அம்மாவுக்கும் இந்த வழக்கம் உண்டு. நாங்கள் கனடா வந்த முதல் குளிர்காலத்தில், மைனஸ் இருபதில் வெளியே இறங்க முடியாமல், கிழக்குப் பார்த்த சன்னலடியில் ஒரு சின்ன வாழையிலைத் துண்டில் ஒரு பிடி சோறு படைத்துக் கும்பிட்டுவிட்டு, பிறகு அதை எங்களுக்கே பிரசாதமாகப் பிசைந்து தந்தார். அந்தக் குளிர்காலத்தில் தொடங்கியதை இன்றுவரை விடவில்லை. உங்கள் அம்மாவிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். கோயில் ஐயர் ஒருவர் வாயால் 'உள்ளே படைத்தால் போதும்' என்று வந்தால் இன்னும் சுலபம்.

சோறு நின்றதும் அது அடுத்த நாளே வராமல் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒன்றிரண்டு கிழமை வந்து மோந்து பார்க்கும். அந்த நாட்களில்தான் வெருட்டுவது மிக முக்கியம். சாப்பாடும் இல்லை, சத்தமும் தாங்க முடியவில்லை என்றால், கணக்குப் பார்க்கிற மிருகம் அது, பாதையை மாற்றிக்கொள்ளும். கூடவே வளவை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பறவைத்தீனிப் பெட்டிக்குக் கீழே கொட்டியதைக் கூட்டி அள்ளுங்கள். ஆப்பிள், பேரி மரம் இருந்தால் விழுந்த பழம் தரையில் கிடக்கக் கூடாது. பார்பிக்யூவின் எண்ணெய்த் தட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மீன் கழுவிய தண்ணீரை மிளகாய்க் கன்றுக்கு ஊற்றும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு, கொஞ்ச நாளைக்கு அது வேண்டாம். உணவுக் கழிவு போடும் பச்சைத் தொட்டியை முதல் நாள் இரவே வெளியே உருட்டாமல், எடுக்க வருகிற காலையில் வையுங்கள்.

டெக்குக்கும் ஷெட்டுக்கும் அடியில் இடைவெளி இருந்தால் இந்த மாதத்துக்குள் இரும்பு வலை போட்டு அடையுங்கள். அடைக்கும் முன் உள்ளே எதுவும் குடியிருக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாசலில் கசக்கிய பேப்பரைத் திணித்து இரண்டு மூன்று நாள் பார்த்தால் தெரிந்துவிடும், குடியிருப்பது தள்ளிவிட்டு வெளியே வரும். வேலியைப் பொறுத்தவரை ஆறடி உயரம் வேண்டும், அடியில் தோண்ட முடியாதபடி வலையை ஓரடி ஆழத்துக்குப் புதைக்க வேண்டும். மேலே உருளும் குழாய் பொருத்தினால் கயோட்டியின் கால் பிடிக்காது. செலவு பிடிக்கும் வேலைதான். சோற்றை நிறுத்துவதற்கு முன் வேலியில் காசைக் கொட்ட வேண்டாம்.

இனிக் கையெழுத்து. போட வேண்டாம் என்பதே என் எண்ணம், காரணத்தோடு சொல்கிறேன். ஒன்ராறியோவில் உயிரோடு பிடித்த காட்டு மிருகத்தைப் பிடித்த இடத்தில் இருந்து ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் விடுவது சட்டவிரோதம். ஆக, அந்த மனு கேட்பதை நகரசபை செய்யவே முடியாது. அப்படியே பிடித்துக் கொன்றாலும் இடம் காலியாக இருக்காது. சிக்காகோவில் கணக்கெடுத்தபோது, சொந்த எல்லை உள்ள ஒரு கயோட்டி ஏறக்குறைய ஐந்து சதுரக் கிலோமீற்றருக்குள் வாழ்ந்தது. எல்லை இல்லாமல் அலையும் இளசுகள் அதைப் போல ஐந்து மடங்கு பரப்பில் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கே இடம் காலியாகும் என்று பார்த்துத்தான் அவை அலைகின்றன. உங்கள் பள்ளத்தாக்கில் இருந்து ஒன்றைத் தூக்கினால், அதே தட்டுக்கு வேறொன்று வரும். தொகையைக் குறைக்க வேண்டுமானால் வருடா வருடம் எழுபது சதவீதத்துக்கும் மேல் கொல்ல வேண்டும் என்று ஆய்வாளர்கள் எழுபதுகளிலேயே கணக்குப் போட்டார்கள். ஒரு நகரம் செய்யக்கூடிய காரியமா அது? ரொறன்ரோவின் நிலப்பரப்பில் 17 சதவீதம் இந்தப் பள்ளத்தாக்குகள்தான். கிழக்கே போனால் ரூஜ் தேசிய நகரப் பூங்கா, 79 சதுரக் கிலோமீற்றர். இத்தனையும் அவை ஒதுங்கக்கூடிய இடம்.

அதற்காக எதையும் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வெருட்டியும் போகாமல் ஆளை நோக்கி வருகிற கயோட்டியை, கையில் உள்ள பையைப் பறிக்க வருகிற கயோட்டியை நீக்கத்தான் வேண்டும். லிபர்ட்டி வில்லேஜில் கடைசியில் இரண்டைக் கொன்றார்கள். அந்த நிலைமைக்கு வந்த ஒன்றை மீட்க முடியாது, அதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கும். உங்கள் வளவில் நிற்பது அந்த நிலைமையில் இல்லை. பார்த்துக்கொண்டு நின்றது, அவ்வளவுதான். அப்படி ஏதும் நடந்தால், அல்லது அது தள்ளாடி நடந்தால், ஒரே இடத்தில் சுற்றினால், மயிர் உதிர்ந்து வால் கயிறு போல இருந்தால் நகரசபையின் 311 எண்ணுக்கு அழையுங்கள். பட்டப்பகலில் வந்தது என்பதற்காக விசர் பிடித்தது என்று நினைக்க வேண்டாம். குட்டிக்காலம் நெருங்கும்போது அவை பகலிலும் இரை தேடும்.

கையெழுத்து வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அவருக்கும் பயம்தான், அவரும் பிள்ளை பேரனுக்காகத்தான் அலைகிறார். அதே தாளின் பின்பக்கத்தில் வேறொன்றை எழுதிக் கொண்டுபோகச் சொல்லுங்கள்: 'இந்தத் தெருவில் யாரும் வெளியே உணவு வைப்பதில்லை, கயோட்டியைக் கண்டால் எல்லோரும் வெருட்டுவோம்.' நீங்கள் வெருட்ட, மூன்றாம் வீட்டில் கோழி எலும்பு போட்டால் உங்கள் உழைப்பு வீண். தெரு முழுக்க ஒரே மாதிரி நடந்துகொண்ட இடங்களில் மாற்றத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மனிதரை இது கொல்லுமா என்ற கேள்வியை நீங்கள் எழுதவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் நிற்கிறது. மறைக்காமல் சொல்கிறேன். வட அமெரிக்கா முழுவதிலும் பதிவான உயிரிழப்பு இரண்டு. 1981இல் கலிபோர்னியாவில் கிளென்டேல் என்ற ஊரில் மூன்று வயதுக் குழந்தை. 2009இல் நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் ஹைலண்ட்ஸ் பூங்காவில், தனியே நடந்துபோன பத்தொன்பது வயது இளம் பாடகி. இரண்டாவது சம்பவம் எங்கள் துறையில் எல்லோரையும் உலுக்கியது, ஏனென்றால் அங்கே யாரும் அவற்றுக்குத் தீனி போட்டுப் பழக்கவில்லை. பிறகு வந்த ஆய்வில், சிறிய இரை போதாத அந்த மேட்டு நிலத்தில் அந்தக் கயோட்டிகள் மூஸ் என்ற பெரிய மானை நம்பி வாழ்ந்தது தெரிந்தது. பெரிய உடம்பை வீழ்த்தப் பழகியவை அவை. உங்கள் பள்ளத்தாக்கில் எலிக்கும் முயலுக்கும் பஞ்சமில்லை. ஆகவே உங்கள் பயத்தைக் கேலி செய்யமாட்டேன், அதே நேரம் அது இரவுத் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியதும் இல்லை.

தம்பியின் ஆட்டுக்கு வருகிறேன். அவனுடைய இழப்பு உண்மையான இழப்பு, நகரத்தில் இருந்துகொண்டு நான் உபதேசம் பண்ண முடியாது. ஆனால் முதலில் கொன்றது எது என்று தெரிய வேண்டும். கயோட்டி பெரும்பாலும் தொண்டையைப் பிடிக்கும், தாடைக்குப் பின்னால், காதுக்குக் கீழே. கழுத்துத் தோலை உரித்துப் பார்த்தால் உள்ளே இரத்தம் கட்டிய பல் குறி தெரியும். தொடையும் காதும் உடம்பெல்லாமும் கண்டபடி குதறியிருந்தால் யாரோ வளர்க்கும் நாயாக இருக்கலாம். பலர் நினைப்பதைவிட இது அதிகம். அடுத்த முறை நடந்தால் சடலத்தை அசைக்காமல் படம் எடுத்து, அன்றைக்கே முனிசிபாலிட்டிக்குச் சொல்ல வேண்டும். கயோட்டி கொன்ற கால்நடைக்கு மாகாணத்தின் இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதற்குப் பண்ணையின் பதிவு எண் வேண்டும், எடுத்திருக்கிறானா என்று கேளுங்கள். நம்மவர் பலர் ஆடு வாங்குவார்கள், இதை எடுக்கமாட்டார்கள்.

ஒன்ராறியோவில் தன் சொத்தைக் காக்க விவசாயி கயோட்டியைச் சுடச் சட்டத்தில் இடம் உண்டு, துப்பாக்கி அனுமதியும் மற்ற விதிகளும் ஒழுங்காக இருந்தால். பயன் இருக்கிறதா என்பது வேறு. கலிபோர்னியாவில் ஹொப்லண்ட் ஆராய்ச்சிப் பண்ணையில் பல வருடம் பார்த்தார்கள். ஆடுகளைக் கொன்றவை பெரும்பாலும் அந்த எல்லைக்குச் சொந்தமான இணைகள். கண்டதைச் சுட்டதில் சேதம் குறையவில்லை. கொல்கிற அந்த இணையையே நீக்கியபோது கொஞ்சக் காலம் குறைந்தது, பிறகு புதியவை வந்தன. எனவே இன்றுவரை ஆட்டைத் தொடாத ஓர் இணை அவன் காணியில் இருந்தால் அதைச் சுடுவது முட்டாள்தனம். அந்த இணைதான் மற்றவற்றை உள்ளே விடாமல் காக்கிறது.

அவனுக்கு நான் சொல்வது இரண்டு காவல்நாய். கிரேட் பிரனீஸ் போன்ற, ஆட்டோடு ஆடாகவே வளர்ந்த நாய். ஒன்று படுத்தால் மற்றது எழும்பும். ஒரு பெண் கழுதையும் நல்ல காவல், கயோட்டியைக் கண்டால் காதை மடித்துக்கொண்டு பாய்ந்து துரத்தும். குட்டி ஈனுவதைத் திறந்த புல்வெளியில் விடாமல் கொட்டிலுக்குள் வைக்க வேண்டும். நஞ்சுக்கொடியை உடனே அள்ள வேண்டும். செத்த ஆட்டைக் காணி மூலையில் எறிந்துவிட்டு வருவதுதான் எல்லாவற்றிலும் மோசம், அது கயோட்டிக்கு ஆட்டிறைச்சியின் ருசியைச் சொல்லிக்கொடுக்கிற வேலை. சட்டப்படியும் 48 மணி நேரத்துக்குள் முறையாக அகற்றியாக வேண்டும். பிறகு மின்வேலி. செலவுக் கணக்கைப் பார்த்துப் பின்வாங்குவான், இரண்டு குட்டியின் விலையைப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

கடைசியாக உங்கள் மகளின் கேள்வி. இத்தனை வருடத்தில் எனக்கு வந்த கேள்விகளில் அழகான ஒன்று, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

குட்டி இன்னும் பிறந்திருக்காது கண்ணா. பெப்ரவரி வாக்கில் அவை சேரும், அறுபத்துமூன்று நாள் வயிற்றில் இருக்கும், ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ ஒரு குழிக்குள் ஐந்தாறு குட்டி பிறக்கும். பிறக்கும்போது கண் திறக்காது, இரண்டு கிழமை ஆக வேண்டும். அம்மா குழிக்குள் இருக்க, அப்பா இரை கொண்டுவரும். சில வேளை போன வருடத்து அக்காவும் வீட்டிலேயே தங்கித் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும். சிக்காகோவில் பதினெட்டு ஈற்றுக் குட்டிகளின் மரபணுவைச் சோதித்தார்கள். ஒவ்வொரு ஈற்றிலும் எல்லாக் குட்டியும் ஒரே அம்மாவும் ஒரே அப்பாவும் பெற்றவை. ஒன்று சாகும்வரை இணை பிரிவதில்லை.

வாசித்துக் காட்டும் உங்களுக்கு ஒரு குறிப்பு, சகோதரி: அந்த மாதங்களில் பள்ளத்தாக்குப் பாதையில் நாயோடு நடந்தால், ஒரு கயோட்டி பத்துப் பதினைந்து மீற்றர் தள்ளிக் கூடவே வரலாம். வேட்டையாட வருவதில்லை, குழி இருக்கும் பக்கத்தில் இருந்து உங்களைக் கடத்திவிடப் பார்க்கிறது. அங்கே மட்டும் வெருட்ட வேண்டாம், நாயைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே மெல்லத் திரும்புங்கள். யூலை முடியும்வரை அந்தப் பாதையை விட்டு வேறு தெருவில் நடப்பது இன்னும் நல்லது.

மகளுக்கு இன்னும் ஒன்று. இலையுதிர் காலத்தில் குட்டிகள் வளர்ந்துவிடும், ஒவ்வொன்றாகத் தன் இடம் தேடிப் புறப்படும். பல ரோட்டைக் கடக்கும்போது காரில் அடிபட்டுப் போகும். நகரத்துக் கயோட்டிகள் சாவதற்குக் கார்தான் முதல் காரணம். புறப்படும் முன் சில இரவுகளில் எல்லாம் கூடி ஊளையிடும். ஒக்டோபரில் ஒரு நாள், படுக்கப் போகும்போது சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக் கேட்டுப் பார். பள்ளத்தாக்கு முழுக்க பத்துப் பதினைந்து கயோட்டி நிற்கிற மாதிரி இருக்கும். ஒவ்வொன்றும் குரலை மாற்றி மாற்றி ஏற்றி இறக்குவதால் அப்படிக் கேட்கிறது. எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான்.